ஆய்தம் போட்ட இரண்டு சொற்கள்

சனிக்கிழமை மாலை மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகளின் தோழி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஆன்ட்டி, அவ இல்லையா?" என்று கேட்டாள். என் மகள் அந்தத் தோழியின் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஒன்றேகால் மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்திருந்தேன். அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. இப்போதும் சனிக்கிழமைகளில் அந்த நேரம் வந்தால் பேனாவை மூடிவிட்டு, அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவளுக்கு அது தெரியும். நான் கேட்பதற்கு முன்பே, "இருக்கேம்மா" என்று குரல் கொடுத்துவிடுகிறாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரே பெண். எங்கள் குடியிருப்பு கல்பாக்கத்தில் இருக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் மின் நிலையத்தின் கட்டடங்கள் இன்னும் பாதியில்தான் நிற்கின்றன. அங்கே பொறியாளரான என் கணவர் அந்த மாதம் பம்பாயில் பயிற்சியில் இருந்தார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

அன்று நடந்ததைச் சொல்வதற்கு, நாங்கள் ஆறு பேர் சேர்ந்து செய்துவந்த ஒரு விநோதமான காரியத்தை முதலில் சொல்லியாகவேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய அறிவியல் மாத இதழில், வெளிநாட்டில் சிலர் தர்க்க விதிகளின்படி புதிதாக ஒரு மொழியை உண்டாக்கிவருவதாகப் படித்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். கணக்கு வாத்தியாரம்மாவுக்கு இதைவிட வேறென்ன ஆசை காட்டவேண்டும்? கடிதம் போட்டேன். இரண்டு மாதம் கழித்து, சைக்ளோஸ்டைல் செய்த இலக்கணக் காகிதங்கள் ஒரு தடித்த உறையில் வந்தன. நான் படித்தேன், என் கணவர் படித்தார், அடுத்த வரிசையில் இருந்த இன்னொரு பொறியாளர் படித்தார். மாமல்லபுரத்திலிருந்து தினமும் சைக்கிளில் வேலைக்கு வரும் ஒரு படவரைவாளர், சதுரங்கப்பட்டினத்தில் தபால் அலுவலக எழுத்தர் ஒருவர் (எங்களுக்கு அவர் தபால்காரர்), செங்கல்பட்டு நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருக்கும் ஓர் அம்மாள் என்று ஆறு பேரானோம்.

அந்த மொழிக்காரர்கள் அனுப்பும் செய்திமடலின் கடைசிப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் புதிய சொல்லோ விதியோ முன்வைக்கலாம். அது அதிகாரபூர்வமானதல்ல, சோதனைக்கு மட்டும். பலர் பயன்படுத்திப் பார்த்து நன்றாக இருந்தால் பிற்பாடு மொழிக்குள் சேரும். நாங்களும் சும்மா இருப்போமா? எங்களுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். அது வீடுவீடாகச் சுற்றிவரும். சோதனையில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஓர் ஆய்த எழுத்தைப் போடுவோம், உச்சரிக்கும்போதும் தொண்டையில் அதை ஒலிப்போம். கேட்டவுடனே இது இன்னும் ஏற்கப்படாத சொல் என்று தெரிந்துவிடும். சொல் தேறினால் ஆய்தம் உதிர்ந்துவிடும்.

தபால்காரர் முன்வைத்த சொல் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அனுப்பியாயிற்று, ஆனால் இன்னும் போய்ச் சேரவில்லை என்ற நிலைக்கு அவர் ஒரே ஒரு சொல் வைத்தார். பொறியாளர், ஓர் எண் கருவி காட்டியதா கண்ணால் மதித்ததா என்று பிரித்துக்காட்ட ஒரு குறி கேட்டார். என் கணவர் எதையும் முன்வைப்பதில்லை, எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கையெழுத்துக்கு முன் ஒரு சோதனை உண்டு. இருவர் முதுகோடு முதுகாக நிற்கவேண்டும். ஒருவர் புதிய சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். மற்றவர் திரும்பிப் பார்க்காமல், கேள்வி கேட்காமல், அதன்படி செய்யவேண்டும். கையைக் காட்டிப் புரியவைத்தால் அது மொழி இல்லை என்று இந்த முறையைக் கொண்டுவந்தவள் நான்தான். சோதனையில் தேறினாலும், நோட்டில் யாராவது எழுதிய ஆட்சேபம் பதில் இல்லாமல் நின்றால் சொல் அடிபடும். அந்த விதியும் என்னுடையதே. மாதக் கடைசி ஞாயிறன்று நான் சுத்தப் பிரதி எடுத்து விமானத் தபாலில் அனுப்புவேன்.

என் மகள் ஏழாவது ஆள். வயது போதாது என்று நாங்கள் அவளுக்குக் கையெழுத்து உரிமை தரவில்லை, சொல் முன்வைக்கும் உரிமை மட்டும் கொடுத்தோம். அந்த மாதம் அவள் இரண்டு சொற்களை ஆய்தம் போட்டு எழுதியிருந்தாள். ஒன்றுக்குப் பொருள் கடல் பக்கம். மற்றதற்குக் கரைப் பக்கம்.

இதை அவள் எங்கே பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு மீன் கொண்டுவரும் பெண்மணி, "பாப்பா, அந்தக் கூடைய கடப்பக்கமா நவுத்து" என்பாள். அவள் கணவர் கட்டுமரக்காரர். லீவு நாட்களில் என் மகள் நோட்டும் பென்சிலுமாகக் குப்பத்துக்குப் போய் அவரிடம் காற்றின் பெயர்களையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வருவாள்.

"நான் திரும்பினா என் இடது கையும் திரும்பிடுதும்மா. கடல் திரும்பாது இல்ல?" என்றாள். நல்ல வாதம்தான். பொறியாளரும் படவரைவாளரும் தபால்காரரும் சோதனைக்கு நின்றார்கள். நாற்காலியை, தம்ளரை, சைக்கிளை எல்லாம் தவறாமல் கடல் பக்கம் நகர்த்தினார்கள். நோட்டு செங்கல்பட்டுக்குப் போய்த் திரும்பியபோது டைப்பிஸ்ட் அம்மாள் முத்துமுத்தாக எழுதியிருந்தார்: "என் ஜன்னலில் தெரிவது ரயில்வே கேட். கடலைப் பார்க்காதவர்களுக்கு இந்தச் சொற்களால் பயனில்லை."

வியாழக்கிழமை மாலை நான் சிவப்பு மையால் இரண்டு சொற்களையும் அடித்தேன். என் மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"செங்கல்பட்டுல இருக்கறவங்களுக்குக் கடல் எந்தப் பக்கம்னு தெரியாதுன்னு யாரும்மா சொன்னா? நீ யாரையாவது கேட்டியா?"

"இதுக்கெல்லாம் போய்க் கேட்பாங்களா? தெரியும்னு நிரூபி, சேர்த்துக்கறேன்" என்றேன்.

சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன். அதோடு மறந்தும் போனேன்.

சனிக்கிழமை, மூன்று நாற்பதுக்குப் பிறகு, அது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. எனக்கு நினைவுக்கு வந்தது எல்லாம், வியாழன் இரவு அவள் சரியாகச் சாப்பிடாததும், வெள்ளி முழுக்க முகம் கொடுத்துப் பேசாததும், போன மாதம் மாமல்லபுரத்துப் பாறைகளுக்குப் பக்கத்தில் குளிக்க இறங்கிய ஒரு வெளியூர் இளைஞனை அலை இழுத்துக்கொண்டு போனதும்தான்.

மற்றத் தோழிகளின் வீடுகள், பள்ளிக்கூடம், நூலகம் என்று ஓடிப் பார்த்துவிட்டு, புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். டீக்கடைக்காரரிடம் அவள் உயரத்தைக் கையால் காட்டிக் கேட்டேன்.

"ஆமாம்மா, வந்துச்சு. ரெட்ட ஜட, நீலப் பாவாட. 'அண்ணா, கடல் எந்தப் பக்கம்?'னு கேட்டுச்சு. தோ, இந்தப் பக்கம்னு காட்டினேன்."

"அப்புறம்?"

"அப்பறம் இன்னா, டீ ஆத்திகினு இருந்தேன். பாக்கல."

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தினாள். "என்னாண்டயும் அத்தாம்மா கேட்டுச்சு. கண்ண மூடிகினு காட்டுங்கன்னு வேற சொல்லுச்சு. இன்னா வெளாட்டுடி இதுன்னேன். சைக்கிள் கடைக்காரராண்டயும் கேட்டுகினு இருந்துச்சே?"

சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே, "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார். "கடலுக்குத்தான் போயிருக்கும். இல்லாங்காட்டி இன்னாத்துக்கு இத்தினி பேராண்ட வழி கேக்குது?"

மூன்று பேர், ஒரே சாட்சியம். அதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கடல் தெரியும். பிறந்ததிலிருந்து கடலோரத்தில் வளர்ந்த பெண், கடலுக்குப் போக யாரிடமும் வழி கேட்கவேண்டியதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே பொருள்தான் இருக்கவேண்டும் என்று மூன்று வருடம் பாடுபட்ட நான், கிடைத்த பொருள்களிலெல்லாம் மோசமானது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன்.

குப்பத்தில் மீன்காரப் பெண்மணி வலையில் சிக்கிய குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். நான் சொன்னது அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவள் கணவர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார்.

"எப்பம்மா போச்சு பாப்பா?"

"ஒண்ணேகாலுக்கு."

அவர் கடலை ஒரு சுற்றுப் பார்த்தார். தம்பியைக் கூப்பிட்டார். இருவரும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். "நீ குந்தும்மா. நாங்க பாத்துட்டு வர்றோம்" என்றதோடு சரி. அலையைத் தாண்டி வடக்கே போவது தெரிந்தது. பிறகு ஒரு கோடாகத் தெரிந்தது.

நான் மணலில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி நாலைந்து பெண்கள் கூடினார்கள்.

"டீச்சரு பொண்ணா? நோட்டும் கையுமா வருமே, அதுவா?"

"அதேதான். எங்க வூட்டு ஆளாண்ட காத்துக்கு எத்தினி பேருன்னு கேட்டுச்சு. அவரு வாயே தொறக்காத மனுஷன். அது கேக்க, இவரு சொல்ல, அன்னிக்கி கொழம்பே ஆறிப்போச்சு" என்றாள் மீன்காரி. "அது தண்ணில எறங்குற பொண்ணு இல்ல டீச்சரம்மா. கால நனைக்கவே அரை நாள் யோசிக்கும்."

என்னைத் தேற்றத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அது உண்மை என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. என் மகளுக்கு அலை என்றால் பயம். என்னைவிட மீன்காரிக்கு அவளை அன்று நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு அலையும் எதையோ கொண்டுவருவதுபோல இருந்தது எனக்கு. ஒரு தேங்காய் மட்டை மிதந்து வந்தபோது நான் கத்திவிட்டேனாம். எனக்கு நினைவில்லை, அவர்கள் பிறகு சொல்லிச் சிரித்தார்கள். தபால்காரரின் சொல் மட்டும் நினைவிருக்கிறது. அனுப்பியாயிற்று, இன்னும் சேரவில்லை. அன்று நான்கிலிருந்து ஐந்தரை வரை என் மகள் அந்தச் சொல்லுக்குள் இருந்தாள்.

மீன்காரி பின்னாலிருந்து என் தோளில் கை வைக்காமலே சொன்னாள்: "டீச்சரம்மா, கடப்பக்கமா பாத்துகினு குந்தாத. பாக்கப் பாக்க பயம் ஜாஸ்தியாவும். கரப்பக்கமா திரும்பிக் குந்து. கடல்லேர்ந்து வந்தா நாங்க பாத்துக்குறோம். வூட்லேர்ந்து வந்தா நீ பாரு."

நான் திரும்பி உட்கார்ந்தேன்.

சூரியன் நேரே கண்ணில் அடித்தது. கையை நெற்றியில் வைத்தபோதுதான் உறைத்தது. மீன்காரி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். கையைக் காட்டவில்லை. நான் கேள்வி கேட்கவில்லை. சொன்னாள், திரும்பினேன். என் வீட்டு முன்னறையில் எத்தனை தடவை நடத்தியிருக்கிறோம் இந்தச் சோதனையை!

அதன் பின்னால் மற்றதெல்லாம் சரசரவென்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு காட்டச் சொன்னது. மூன்று பேரிடம் கேட்டது. பஸ் நிறுத்தத்தில் கேட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை, பிரதி எடுக்கும் நாள். நீ யாரையாவது கேட்டியா என்று அவள் என்னைக் கேட்டாள். நிரூபி என்று நான் சொன்னேன். அவள் கடலுக்கு வழி கேட்கவில்லை. கடலைவிட்டு எவ்வளவு தூரம் போனாலும் ஜனங்களுக்கு அது எந்தப் பக்கம் என்று தெரியுமா என்று சோதித்துக்கொண்டே, செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறாள்.

எழுந்து நின்றேன். ஓடுவதற்குள் சவுக்குத் தோப்பிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள். வெயிலில் கண் கூசியதால் முகம் தெரியவில்லை. ஒன்று குட்டை, இரண்டு ஜடை. மற்றது குடை பிடித்த உருவம்.

நான் அவளை அடிக்கவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. ஒரு ஜடையைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் விடவில்லை. "வலிக்குதும்மா" என்றாள், ஆனால் விடுவித்துக்கொள்ளவில்லை.

குடைக்காரர் செங்கல்பட்டு டைப்பிஸ்ட் அம்மாள். ஐம்பது வயதுக்காரர், கோர்ட் மாதிரியே பேசுவார். "டீச்சர், திட்டறதா இருந்தா என்னையும் சேத்துத் திட்டுங்க. மூணேகாலுக்கு வந்து கதவைத் தட்டினா. தனியா வந்தியான்னேன். ஆமா, கையெழுத்து வேணும்னா. அடுத்த பஸ்ஸுல நானே இட்டுண்டு வந்துட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கினதுமே, நீங்க கடற்கரைக்கு ஓடினதா டீக்கடையில சொன்னாங்க."

என் கைக்கடிகாரத்தில் மூன்று நாற்பது ஆனபோது, அவர்கள் இருவரும் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்களாம்.

"கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டேன். அதைக் கேட்கவேண்டிய நேரமா அது? ஆனாலும் அதுதான் வாயில் வந்தது.

"போடாம? என்னை என் வீட்டுக்குள்ளயே முதுகோட முதுகா நிக்க வெச்சுட்டா. கடல் பக்கம் மூணு அடி நடங்கன்னா. யோசிக்கவே இல்ல, நடந்தேன். அலமாரில போய் இடிச்சுண்டேன்." முழங்கையைத் திருப்பிக் காட்டினார், சிவந்திருந்தது. "சின்ன வயசுல பாத்த கடல். உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க, எனக்குத்தான் தெரியல." சொல்லிவிட்டு எங்களைத் தாண்டி நடந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, குடையை மடக்காமலே, தண்ணீரில் கணுக்கால்வரை போய் நின்றார்.

என் மகள் நோட்டை விரித்து என்னிடம் நீட்டினாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடியே கட்டைவிரலால் காட்டியிருக்கிறார். திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்தில் தேங்காய் விற்பவளுக்கு இரண்டு கையிலும் தேங்காய், அதனால் மோவாயால் காட்டியிருக்கிறாள். கழுகு பார்க்க வந்த வெளியூர்க் குடும்பத்துக்குத் தெரியவில்லை, அதையும் எழுதியிருந்தாள். நான் பார்க்கும்வரை காத்திருந்துவிட்டு, அவளுக்கு உண்மையிலேயே உறுத்திக்கொண்டிருந்த விஷயத்தைக் கேட்டாள்.

"அம்மா, செங்கல்பட்டு ஸ்டேஷன்ல ஒரு போர்ட்டர் மட்டும் கொளவாய் ஏரியைக் காட்டினார். கடல்தான் கேட்டேன்னு சொன்னேன். எங்களுக்கு இதாம்மா கடலுன்னார். அவரைச் சேக்கணுமா, வேணாமா?"

"சேர்த்துக்கோ" என்றேன். "ஏன்னு பக்கத்துல எழுதிடு." மீன்காரி அந்தப் பக்கமாகத் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

அப்போதுதான், கடலில் இரண்டு பேர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் நினைவு வந்தது. மீன்காரி ஒரு துடுப்பின் நுனியில் தன் பழைய சிவப்புப் புடவையைக் கட்டினாள். பெண்கள் முறைபோட்டு அதைத் தூக்கிப் பிடித்து ஆட்டினார்கள். என் மகளும் ஆட்டினாள். டைப்பிஸ்ட் அம்மாள்கூடத் தன் குடையை விரித்து விரித்து மடக்கினார். வெகுதூரத்தில் இருந்த கோடு நின்றது, பிறகு எங்கள் பக்கம் திரும்பியது.

அவர்கள் கரைக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. தம்பி முதலில் குதித்து, "பாப்பா வந்துச்சா?" என்று கேட்டார். அண்ணன் மெதுவாக இறங்கினார். இடுப்புவரை நனைந்திருந்தார், உதடு காய்ந்திருந்தது. நான் கையைக் கூப்பினேன். நடந்ததை என் மகளே அவரிடம் சொன்னாள், நோட்டைக் காட்டி. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அவள் விரல் போன வரிகளையெல்லாம் குனிந்து பார்த்தார். அவள் முடித்ததும் தலைத்துணியைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இன்னா டீச்சரம்மா, பாப்பா கரப்பக்கமா போயிருக்குது, நீ எங்கள கடப்பக்கம் தேட வுட்டுட்டியே! இனிமே இத்தக் காணோம்னா கடலாண்ட ஓடியாராத. மொதல்ல அதோட நோட்டு வூட்ல இருக்குதான்னு பாரு."